கொதிகலனில் தண்ணீர் தேங்காத நீராவிக் கார்

"நீராவியில் ஓடும் கார் என்றால் இருக்கைக்குப் பக்கத்திலேயே கொதிகலன் இருக்குமே, வெடித்தால் என்ன ஆவது?" வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வியும் இதுதான். அதற்குக் கிடைத்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது லியோன் செர்போலே கண்ட விடை. பிரான்சின் குலோஸ் என்ற ஊரில் 1858இல் பிறந்தவர் அவர்.

கொதிகலன் வெடிக்கும்போது பெருஞ்சேதம் விளைவிப்பது மேலே இருக்கும் நீராவி அல்ல, கீழே கிடக்கும் தண்ணீர். 10 வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் 180 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். கொதிகலன் பிளந்து அழுத்தம் சட்டென்று இறங்கினால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வந்தே தீர வேண்டும். மிஞ்சிய வெப்பமெல்லாம் அதில் ஒரு பங்கை ஆவியாக்கிவிடும். கணக்குப் போட்டால், 100 கிலோ தண்ணீரில் ஏறத்தாழ 15 கிலோ கண நேரத்தில் ஆவியாகி 25 கன மீட்டர் இடம் கேட்கும். ஒரு சிறிய அறையின் கொள்ளளவு அது.

தண்ணீரைத் தேக்கி வைத்தால்தானே இந்த வம்பு? 1880களின் தொடக்கத்தில், தம்பதிகளைப் போல எப்போதும் சேர்ந்தே இருந்த தொட்டியையும் கொதிகலனையும் செர்போலே பிரித்துவிட்டார். தடித்த எஃகுக் குழாயைப் பழுக்கக் காய்ச்சி, நடுவிலுள்ள துளை வெறும் கீற்றாகச் சுருங்கும்வரை நசுக்கித் தட்டையாக்கினார். கீற்றின் அகலம் ஓரிரு மில்லிமீட்டர். இப்படிப்பட்ட குழாய்களை நெருப்பின்மேல் சுருட்டி அடுக்கி, ஒரு முனையில் பம்ப் வழியாகத் தண்ணீரைச் செலுத்தினால், மறுமுனையில் மீவெப்ப நீராவி, அதாவது கொதிநிலைக்கும் மேலே சூடேறிய ஆவி, வரும். எந்த நேரத்திலும் உள்ளே இருக்கும் தண்ணீர் மிகச் சொற்பம். குழாய் பிளந்தாலும் சீறலோடு போய்விடும்.

துளையை ஏன் நசுக்க வேண்டும்? நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உடனே ஆவியாவதில்லை. அடியில் உருவாகும் ஆவிப்படலத்தின்மேல் மிதந்து ஓடும். படலம் வெப்பத்தைத் தடுக்கிறது. அகலமான குழாயிலும் இதேதான் நடக்கும். உலோகம் சிவந்து நிற்க, தண்ணீர் நடுவே வழுக்கிக்கொண்டு போய்விடும். கீற்றில் துளிக்கு ஒதுங்க இடமில்லை. இரு சுவர்களுக்கும் நடுவே, பின்னால் பம்ப் தள்ள, ஆவி வேகமாகப் பாய, துளி சுவரில் மோதிக்கொண்டே போக வேண்டியதுதான். தட்டைக் குழாய்க்கு ஒரு பலவீனம் உண்டு: உள்ளழுத்தம் ஏறினால் மறுபடி உருளப் பார்க்கும். அதனால் பின்னர் குறுக்குவெட்டைப் பிறைபோல் வளைத்தார்.

சுவர் தடித்திருந்ததற்கும் காரணம் உண்டு. மேடு வந்தால் ஓட்டுநர் அதிகத் தண்ணீர் அனுப்புவார். கரி நெருப்போ அவர் அவசரத்துக்கு எரியாது. 100 கிலோ எஃகு 200 டிகிரி குளிர்ந்தால் வெளிவரும் வெப்பம் சுமார் 9 மெகாஜூல். மூன்று கிலோ நீராவிக்கு அது போதும். ஆக, சேமிப்பு தண்ணீரிலிருந்து உலோகத்துக்கு இடம் மாறியது. உலோகத்தில் தங்கிய வெப்பம் வெடிக்காது என்பதுதான் இதில் அழகு.

1889 பாரிஸ் கண்காட்சியில் பெஜோ நிறுவனம் வைத்த முதல் மூன்று சக்கர வண்டி, செர்போலேயின் நீராவி எந்திரம் பூட்டியது. 1890இல் செர்போலே, எர்னஸ்ட் ஆர்ஷ்தியாக்கன் என்பவருடன் பாரிசிலிருந்து லியோன் நகருக்கு நீராவி வண்டியை ஓட்டிப் போனார். வழியெல்லாம் பழுது, போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு வாரம். அடுத்த பாய்ச்சலுக்கு ஃபிராங்க் கார்ட்னர் என்ற அமெரிக்கரின் பணம் வரவேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு நிதி என்றதும் நாம் முதல் கண்டுபிடிப்பையே நினைக்கிறோம். ஓடுகிற கருவியை ஒழுங்காக ஓடவைக்கும் சலிப்பூட்டும் இரண்டாம் கட்டத்துக்குத்தான் பணம் கிடைப்பதில்லை. அங்கேதான் நல்ல யோசனைகள் மடிகின்றன.

கார்ட்னர்-செர்போலே கார்களில் மண்ணெண்ணெய் பர்னர் வந்தது. ஒரு கிலோ தண்ணீரை மீவெப்ப நீராவியாக்க ஏறத்தாழ 3 மெகாஜூல் வேண்டும்; பர்னரின் இழப்பையும் சேர்த்தால் 100 கிராம் மண்ணெண்ணெய். இந்த விகிதம் பிசகினால் ஆபத்து. தண்ணீர் மிஞ்சினால் ஈர ஆவியும் தண்ணீருமே சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் முட்டி நிற்கும், தண்டு வளையும். எண்ணெய் மிஞ்சினால் குழாய் எரியும், ஆவியின் சூட்டில் சிலிண்டரின் மசகெண்ணெய் கரியாகும். செர்போலே தண்ணீர் பம்பு, எண்ணெய் பம்பு இரண்டையும் ஒரே ஆடும் நெம்புகோலில் பூட்டினார். ஓட்டுநர் கேம் என்ற வளைவுத் துண்டை நகர்த்தினால் இரண்டின் வீச்சும் சேர்ந்தே கூடும், குறையும். நீராவியைத் திறந்து மூடுவதற்குப் பதில் தண்ணீரின் அளவாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். புறப்படும்போது கைப்பம்பை நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

சிலிண்டருக்குள் ஆவியை விடும் சறுக்கு வால்வுகள் மீவெப்பத்தில் இறுகிவிடும் என்பதால் பெட்ரோல் என்ஜினில் இருப்பதுபோன்ற குடை வடிவ வால்வுகளைப் பொருத்தினார். 1902 ஏப்ரல் 13 அன்று நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில், 'ஈஸ்டர் முட்டை' என்று பெயர்பெற்ற காரில் ஒரு கிலோமீட்டரை 29.8 நொடியில் கடந்தார்: மணிக்கு 120.8 கிலோமீட்டர். பெல்ஜியத்தின் ஜெனாட்சி ஓட்டிய மின்சாரக் கார் 1899இல் படைத்த 105.88 கிலோமீட்டர் உலக வேகச் சாதனை அதோடு விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெட்ரோல் கார் இவரையும் முந்தியது. 1907இல் செர்போலே பாரிசில் காலமானார்.

காரில் இந்த முறை நிலைக்கவில்லை. பர்னரை முன்கூட்டியே சூடாக்க வேண்டும், தண்ணீரும் சுமக்க வேண்டும். கடின நீராக இருந்தால் கீற்றில் உப்பு படியும், ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பயன்படுத்தினால் மசகெண்ணெய் கூடவே குழாய்க்குள் வரும். ஆனால் தண்ணீருக்கும் ஆவிக்கும் வேறுபாடே மறையும் அளவு உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் இன்றைய மிகை மாறுநிலை அனல் மின் நிலையங்களில் இருப்பதும் ஒரு முனையில் தண்ணீர், மறுமுனையில் ஆவி என்ற அமைப்பே. நடுவில் நீர் தேங்கும் உருளை கிடையாது. திருச்சி பெல் ஆலை இத்தகைய கொதிகலன்களைச் செய்கிறது. அவற்றின் கட்டுப்பாட்டு அறையில் கணினி இடைவிடாமல் சரிபார்ப்பது, உள்ளே போகும் தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தை.