முட்டுக்கட்டை போடுகிறவர்கள்

பங்குனித் திருவிழாவில் மயிலாப்பூர் தேர் பார்க்கப் போனால் எல்லார் கண்ணும் வடத்தின் மேல்தான் இருக்கும். மாட வீதி முனையில் நின்று கீழே பாருங்கள். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி, கையில் கட்டையோடு சிலர் நடப்பார்கள். இழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் உண்டு. தேர் எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்பது இந்தச் சிலர் கையில். 'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் ஏன் வசவாகச் சொல்கிறோமோ தெரியவில்லை. அது இல்லாவிட்டால் தேர் ஏதாவது ஒரு கடைக்குள் போய்த்தான் நிற்கும்.

யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது கட்டற்ற மென்பொருள். தன்னார்வலர்களை நம்பி ஓடும் அதற்கும் இதே கதைதான். எனக்கு அது புரிந்தது ஒரு கொசுவால்.

வேளச்சேரியில் உட்கார்ந்து, ஒரு கட்டற்ற உரை எடிட்டரில் 'கொசு' என்று தேடினேன். கோப்பில் மூன்று இடத்தில் கொசு இருந்தது. எடிட்டர் இரண்டைத்தான் காட்டியது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு எண்களாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது யூனிகோடின் விதி. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர எடிட்டர் மறந்திருந்தது. சரிசெய்ய நான்கு வரி நிரல் எழுதி, வரும் திருத்தங்களைப் பார்த்துச் சேர்க்கும் பராமரிப்பாளருக்கு அனுப்பினேன். அரை மணி நேர வேலை.

மூன்றாவது வாரம், 'எப்போது பார்ப்பீர்கள்?' என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன். ஏழாவது வாரம் பதில் வந்தது. அந்தப் பராமரிப்பாளருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. யூனிகோடு அட்டவணையைத் திறந்து, இதே சிக்கல் மலையாளத்திலும் வங்காளத்திலும் உண்டு என்று கண்டுபிடித்திருந்தார். 'வடிவத்தை மாற்றினால் எழுத்தின் நீளமும் மாறுமே? நாற்பதாவது இடத்தில் கிடைத்த சொல், அசல் கோப்பில் நாற்பத்திரண்டாவது இடத்தில் இருந்தால் மஞ்சள் பூச்சு எங்கே விழும்?' என்று கேட்டிருந்தார். போட்டுப் பார்த்தேன். பூச்சு பக்கத்துச் சொல்லின் மேல் விழுந்தது. என் அரை மணி நேரம் அவருடைய ஒரு மாலைப்பொழுதைத் தின்றிருந்தது.

நிரல் எழுத ஆள் கிடைப்பார்கள். அதைப் படித்துப் பார்க்கும் பொறுமைக்குத்தான் எப்போதும் பஞ்சம். ஆளைக் கூட்டினால் தீராதா? பத்துப் பேர் ஒருவருக்கொருவர் பேச 45 இணைப்புகள் போதும். நூறு பேருக்கு 4950 வேண்டும். ஆள் கூடக்கூடப் பேச்சுதான் அதிகமாகப் பெருகும் என்று மென்பொருள் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே சொல்லிவிட்டார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் இந்தக் கணக்கை மரம்போலக் கிளை பிரித்துச் சமாளிக்கிறது. கோப்பு முறைமைக்கு ஒருவர், நெட்வொர்க்குக்கு ஒருவர் என்று பகுதிக்குப் பகுதி பொறுப்பாளர்கள். யார் எதற்குப் பொறுப்பு என்ற பட்டியல் நிரலோடு சேர்ந்தே வரும். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒவ்வொரு வரியையும் படிப்பதில்லை. தான் நம்பும் ஆட்கள் சோதித்துத் தருவதை எடுத்துக்கொள்கிறார். இந்தக் கைமாற்றலுக்காகவே 2005-இல் அவர் 'கிட்' என்ற, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியை எழுதினார். புதிய அம்சங்களுக்கு இரண்டு வாரம் கதவு திறந்திருக்கும். பிறகு ஏழெட்டு வாரம் பிழைதிருத்தம் மட்டும். தவறவிட்டால் அடுத்த சுற்று. 29சி பஸ்ஸுக்குப் போலக் காத்திருந்து காத்திருந்து மனம் நொந்துபோக வேண்டாம், நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் கெர்னலுக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் இன்று நிறுவனச் சம்பளக்காரர்கள். தன்னார்வலர்களின் கோட்டை என்றால் அது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். 1993-இல் தொடங்கியது, ஆண்டுதோறும் தன் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் நிற்பது அதன் தோளில்தான்.

கட்டை போடுபவர் ஒருவரே என்றால்? இணையத் தகவலைப் பூட்டி அனுப்ப உலகத்தின் பாதி இணையம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு, 2014-இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது முழுநேரமாக இருந்தவர் ஒருவர்தான். ஆண்டு நன்கொடை சுமார் 2000 டாலர். அதைவிட என்னை உறுத்துவது எக்ஸ்இசட். கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி, பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் தலையில். அவர் களைத்திருந்த நேரத்தில் 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்று சில பெயர்களில் நச்சரிப்பு வந்தது. கூடவே ஒரு புதியவர் ஒழுங்காக வேலை செய்து, இரண்டாண்டுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டார். 2024-இல் அதன் வழியாக, கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய உதவும் பின்கதவு ஒன்றை நுழைத்தார். லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று குடைந்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரால் மார்ச் மாதம் 29-ஆம் தேதி குட்டு உடைந்தது. அந்த நச்சரிப்பு வரிகளைப் படித்தபோது என் மூன்றாவது வாரக் கேள்வி நினைவுக்கு வந்தது. நான் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டேன். படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

என் நான்கு வரிகள் முப்பத்தோரு வரிகளாகி, சோதனைகளோடு சேர்ந்துவிட்டன. கொசு மூன்றும் இப்போது கிடைக்கிறது. அதன்பின் அந்தப் பராமரிப்பாளர், இந்திய மொழித் திருத்தங்களைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார், ஒப்புக்கொண்டேன். கன்னடத்துக்கு ஒருவர் பன்னிரண்டு வரி அனுப்பியிருக்கிறார். எனக்குக் கன்னடம் தெரியாது. மூன்று வாரமாகத் திறந்தபடியே கிடக்கிறது. நேற்று அவரும் கேட்டுவிட்டார், எப்போது பார்ப்பீர்கள் என்று.