நடுவட்டத்து மரமும் தொலைந்துபோன 'எச்' எழுத்தும்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் நடுவட்டம் வரும். இன்று சுற்றிலும் தேயிலைதான். ஒரு காலத்தில் இங்கே அரசாங்கத்தின் சின்கோனா தோட்டமும், அதன் பட்டையிலிருந்து மலேரியா மருந்து எடுக்கும் ஆலையும் இருந்தன. மருந்துக்குப் பெயர் குயினைன். பழைய ஆட்கள் வாயில் கொயினா. ஒரே மரம்தான், ஆனால் மரத்தின் பெயரும் மருந்தின் பெயரும் வந்த வழி வேறு வேறு.

மருந்தின் வழி நேரானது. 1820-இல் பாரிசில் பெல்லத்தியே, காவந்து என்ற இருவர் பட்டையின் சாரத்தைத் தனியே பிரித்தார்கள். 'கினா' என்ற சொல்லோடு ஒரு வேதியியல் விகுதியை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். கினா ஸ்பானிய மொழி வழியாக வந்தது. அதற்கும் முன்னால், பெரு நாட்டு மலைமக்களின் கெச்சுவா மொழி. அங்கே கினா என்றால் பட்டை. கினா-கினா என்று இரட்டித்தால் மருந்துப் பட்டை. நாம் 'பொடிப்பொடி' என்று அடுக்குவது போலத்தான்.

மரத்தின் கதைதான் வம்பு. பெருவின் ஆளுநராக இருந்த சின்ச்சோன் பிரபுவின் மனைவிக்குக் காய்ச்சல் வந்ததாம், பட்டைக் கஷாயத்தில் குணமானதாம். 1663-இல் பாதோ என்ற இத்தாலிய மருத்துவர் எழுதியது இது. அதை நம்பி, செடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் மரத்துக்கு அந்தச் சீமாட்டியின் பெயரைச் சூட்டினார். Chinchona என்று இருக்க வேண்டியதை Cinchona என்று எழுதியதில் முதல் 'எச்' (h) விடுபட்டது. மிஞ்சிய எழுத்துகளை லத்தீன் முறையில் வாசித்தபோது 'சோ' என்ற ஒலியும் 'கோ' ஆகிவிட்டது. சின்ச்சோனா இப்படித்தான் சின்கோனா ஆனது.

1860-இல் தென்னமெரிக்காவிலிருந்து இந்தக் கன்றுகளையும் விதைகளையும் நீலகிரிக்குக் கொண்டுவரும் வேலையை நடத்தியவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். அவருக்கு அந்த 'எச்' பெரிய உறுத்தல். அதை மீட்க 1874-இல் அந்தச் சீமாட்டியைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பலிக்கவில்லை. தாவரவியலில் முதலில் முறைப்படி அச்சேறிய பெயருக்குத்தான் மதிப்பு. அதன் எழுத்தை லேசில் திருத்த விடமாட்டார்கள்.

சரி, கதையாவது உண்மையா? சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் ஒலியை மட்டும் பார்ப்பதில்லை, தேதிகளையும் பார்ப்பார்கள். பிரபு பெருவுக்குப் போனது 1629 வாக்கில். மார்க்கம் புத்தகம் எழுதிய அனா சீமாட்டி, பிரபுவின் முதல் மனைவி. அவர் 1625-இலேயே ஸ்பெயினில் இறந்துவிட்டார். உடன் போனது இரண்டாம் மனைவி பிரான்சிஸ்கா. அவருக்கும் அந்தப் பட்டையால் காய்ச்சல் தீர்ந்ததாகப் பிரபுவின் ஆட்சிக்கால நாட்குறிப்பில் ஒரு வரி இல்லை.