அடுக்கித் தராதீர்கள், அப்படியே தாருங்கள்

தேவாலயத்தில் பல வருடம் கணக்கு எழுதிய ஒருவரின் காகிதங்களை அவருடைய பேரன் எங்கள் ஆவணக்காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். கறைபட்ட உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிழிசல்களுக்கு செல்லோடேப்பும் ஒட்டியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் தாத்தா அவற்றை விஷயவாரியாக நூல் சுற்றி வைத்திருந்தாராம்: கூரை வேலை ஒரு கட்டு, கல்லறை நிலத் தகராறு ஒரு கட்டு. எந்த ரசீது எந்தக் கடிதத்தோடு இருந்தது என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? தேதி போடாத கடிதங்கள் கடைசியில் ஒரு குவியலாகக் கிடந்தன. அவற்றின் காலத்தைச் சொல்லக்கூடிய தபால் முத்திரை, குப்பைக்குப் போன உறைகளில் இருந்தது.

செல்லோடேப் சில வருடங்களில் உரிந்துவிடும். அதன் பசை மட்டும் காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பாக நிற்கும். லேமினேஷன் அதைவிட மோசம், பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியைக்கூட நீங்கள் பிடுங்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நனைந்துவிட்டால் மட்டும் தாமதிக்காதீர்கள். இரண்டே நாளில் பூஞ்சை கிளம்பிவிடும். உடனே காயவைக்க முடியாதவற்றை உறையவைத்து எங்களைக் கூப்பிடுங்கள்.

ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தில் 1538-லேயே இவற்றை எழுதச் சொல்லி ஆணை வந்தது. 1563-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்கப் பங்குக் கோயில்களுக்கும் அதை விதித்தது. கழித்துக் கட்டப்படுவதெல்லாம் கூட்டக் குறிப்பு, காணிக்கைக் கணக்கு, நோட்டீஸ் போன்றவைதான். எனக்கென்னவோ ஊர் எப்படி வாழ்ந்தது என்று தெரிவது இவற்றில்தான். பொறுப்பில் இருந்தவர்களின் வீட்டு அலமாரியில், சொந்தக் கடிதங்களோடு கலந்து இவை கிடக்கும். வீட்டில் இருந்தாலும் சபைக் காகிதம் சபைக்குச் சொந்தம்; சபையாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்காக நீங்களே பிரித்துவிடாதீர்கள்.

சரி, குடும்ப ரகசியம் இருந்தால்? கிழித்துப் போட வேண்டியதில்லை. இன்னின்ன கடிதங்களை இத்தனை வருடம் யாருக்கும் காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். நன்கொடையா, உரிமை உங்களிடமே இருக்கும் ஒப்படைப்பா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

அந்தப் பேரன் அப்புறம் இன்னொரு முறை வந்தார். எந்தக் கட்டு பெட்டியில் எங்கே இருந்தது என்று பாட்டிக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறதாம். அவர் சொன்னதை ஒரு தாளில் பென்சிலால் எழுதி, காகிதங்களுக்கு மேலே வைத்திருக்கிறோம்.