தண்டுவட நீரில் அமைலாய்டு ஏன் குறைகிறது?

அல்சைமர் நோயாளியின் மூளையில் அமைலாய்டு பீட்டா என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்து கிடக்கும். அப்படியானால் அந்த மூளையைச் சூழ்ந்து ஓடும் தண்டுவட நீரிலும் அது மிகுந்திருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அளந்து பார்த்தால் நேர்மாறு: நோயில்லாதவர்களிடம் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் தேறும். 1990களின் நடுவில் தெரியவந்த இந்த முரண்தான் இன்றைய பரிசோதனைகளுக்கு அடித்தளம்.

மூளையின் உள்ளறைகளில் உள்ள கோராய்டு பின்னல் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி நீரைச் சுரக்கிறது. ஒரு நேரத்தில் உள்ளே இருப்பதோ 150 மில்லிக்குள்தான். அதாவது ஒரே நாளில் மூன்று, நான்கு முறை முழுதாக மாறிவிடுகிறது. நரம்பு செல்கள் வெளியே விடும் புரதங்களில் ஒரு பகுதி இதில் கலந்து கீழே இறங்குகிறது.

அமைலாய்டு பீட்டா ஒரு நறுக்குத் துண்டு. நரம்பு செல்லின் சவ்வில் செருகிக்கொண்டிருக்கும் பெரிய புரதம் ஒன்றை பீட்டா செக்ரிடேஸ் நொதி ஓரிடத்தில் வெட்டும். பிறகு காமா செக்ரிடேஸ் இன்னோரிடத்தில் வெட்டும். இந்த இரண்டாவது வெட்டு எப்போதும் ஒரே இடத்தில் விழாது. பெரும்பாலும் 40 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு 42 கொண்டது கிடைக்கும். கூடுதலாக வரும் அந்த இரண்டு, ஐசோலூசினும் அலனினும், நீரோடு ஒட்டாதவை. அதனால் 42-துண்டுகள் நீரை விட்டு விலகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூளையில் திட்டு உருவாகிவிட்டால், புதிதாக வருபவற்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பரிசோதனைக்கு நீர் எடுக்கும் முதுகுவரை வந்து சேர்வது குறைந்துபோகிறது.

திட்டு ஏன் முதலில் உருவாகிறது? உற்பத்தி கூடியதாலா, வெளியேற்றம் தடைப்பட்டதாலா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராண்டல் பேட்மேன் குழு இதற்கு அழகான வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. கார்பன்-13 அணுக்களால் எடை கூட்டப்பட்ட லூசினை 9 மணி நேரம் இரத்தத்தில் ஏற்றினார்கள். முதுகில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, 36 மணி நேரம் மணிக்கொரு முறை நீரை எடுத்தார்கள். எடை கூடிய துண்டுகள் எவ்வளவு வேகமாகத் தோன்றுகின்றன என்பது உற்பத்தியைச் சொல்லும். எவ்வளவு வேகமாக மறைகின்றன என்பது வெளியேற்றத்தைச் சொல்லும். 2010இல் வெளியான முடிவில், முதுமையில் வரும் அல்சைமர் நோயாளிகளிடம் உற்பத்தி மற்றவர்களைப் போலவே இருந்தது. ஆனால் 42-துண்டின் வெளியேற்றம் மணிக்கு 7.6 சதவீதத்திலிருந்து 5.3 ஆகக் குறைந்திருந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் நோயாளிகளில் பன்னிரண்டு பேர், நோயில்லாதவர்களில் பன்னிரண்டு பேர்தான். சிறிய எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது.

மூளையில் தொல்லை தரும் அதே ஒட்டும் குணம் ஆய்வகத்திலும் தொல்லை தருகிறது. நீர் எடுக்கும் ஊசி, முதுகெலும்பின் இடுப்புப் பகுதியிலுள்ள மூன்றாம், நான்காம் கண்ணிகளுக்கு இடையிலோ அதற்கு ஒன்று கீழேயோ செல்லும். தண்டுவடம் அப்பகுதியின் முதல் இரண்டு கண்ணிகளுக்குள் முடிந்துவிடுவதால் அது குத்துப்படாது. கூர்முனை ஊசிக்குப் பதில் மழுங்கிய முனை ஊசியைப் பயன்படுத்தினால், பின்னால் வரும் தலைவலி பாதிக்கும் கீழே குறைகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். நீரைக் கண்ணாடியிலோ பாலிஸ்டைரீன் குழாயிலோ பிடித்தால் 42-துண்டுகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு பொய்யாகக் குறையும். நோயில்லாதவர் நோயாளியாகத் தெரிவார். எனவே பாலிப்ரொப்பிலீன் குழாய்தான். அதிலும் பாதிக்குக் குறைவாக நிரப்பினால், நீரின் அளவை ஒப்பிடச் சுவர்ப்பரப்பு மிகுந்து இழப்பு கூடும். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். பைப்பெட்டைத் தொடும் முன்பே பரிசோதனை கெட்டுப்போக முடியும் என்பதை ஆய்வகங்கள் பல ஆண்டுகள் பட்டுத்தான் உணர்ந்தன.

இரத்தம் கலந்தாலும் கேடுதான். முதலில் வரும் ஒன்றிரண்டு மில்லியை ஒதுக்கிவிட்டு, மீதியை மையவிலக்கியில் சுற்றி, நீண்ட நாள் வைப்பதானால் மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பது வழக்கம்.

இத்தனைக்கும் பிறகும் தனி 42-அளவை மட்டும் நம்புவது சரியல்ல. பிறவியிலேயே அமைலாய்டு குறைவாக உற்பத்தியாகும் மூளைகளும் உண்டு. 42-ஐ 40-ஆல் வகுத்த விகிதம் இந்த வேறுபாட்டையும், குழாய்ச் சுவரில் நேரும் இழப்பில் ஒரு பகுதியையும் சமன்செய்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 மே மாதம் அனுமதித்த தண்டுவட நீர்ப் பரிசோதனையும் இந்த விகிதத்தைத்தான் பார்க்கிறது.

கூடவே அளக்கப்படுவது டௌ, நரம்பு செல்களுக்குள் இருக்கும் இன்னொரு புரதம். மொத்த டௌ கூடினால் நரம்பு செல்கள் சேதமாகின்றன என்று மட்டுமே பொருள். பக்கவாதத்திலும் அது கூடும், மூளையை வேகமாக அழிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோயில் எக்கச்சக்கமாக ஏறும். பாஸ்பேட் ஏறிய டௌ அந்த நோய்களில் பெரும்பாலும் அசையாது, அல்சைமரில் உயரும். ஆகவே 42/40 விகிதம் இறங்கி, பாஸ்பேட் ஏறிய டௌவும் உயர்ந்திருந்தால் விடை தெளிவு. விகிதம் மட்டும் இறங்கியிருந்தால் நோயின் தொடக்கமாக இருக்கலாம். பரம்பரை அல்சைமர் குடும்பங்களில், அறிகுறி தோன்றும் என்று எதிர்பார்க்கும் வயதுக்கு 25 ஆண்டுகள் முன்பே 42-துண்டு குறையத் தொடங்குவதாக 2012இல் தெரியவந்தது.

முதுகில் ஊசி ஏற்றாமல் இரத்தத்திலேயே பார்த்துவிட முடியாதா? அமைலாய்டை மட்டும் நம்பினால் கடினம். உடலின் பிற பகுதிகளும் அதை உற்பத்தி செய்வதால், மூளையில் திட்டு இருந்தாலும் இரத்தத்தில் விகிதம் 10, 15 சதவீதம்தான் இறங்குகிறது. சிறிய அளவுப் பிழையே அதை மறைத்துவிடும். 217ஆம் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறிய டௌவைச் சேர்த்த பிறகுதான் வழி திறந்தது. 2025 மே மாதம் அமெரிக்காவில் அதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை அனுமதி பெற்றது. அதற்கான ஆய்வில் 499 பேரில் 20 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு ‘ஆம்’ என்றும் இல்லாமல் ‘இல்லை’ என்றும் இல்லாமல் இடைப்பட்ட முடிவு வந்தது. அப்படி வருபவர்களுக்கு மூளைத் திட்டுகளைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் அல்லது முதுகில் நீர் எடுப்பது, இவைதான் அடுத்த வழி.