ஒரு புன்னகையைச் சேர்த்தால் என்ன?

2023 மே 28. டெல்லியில் போராடிக்கொண்டிருந்த மல்யுத்த வீராங்கனைகளைப் போலீசார் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். வண்டிக்குள் எடுத்த ஒரு செல்ஃபியில் வினேஷ் போகாட்டும் சங்கீதா போகாட்டும் இருந்தார்கள். இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரத்திலேயே அதே படம் வேறு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. அதில் இருவரும் பளிச்சென்று சிரிக்கிறார்கள், கன்னத்தில் குழி விழுகிறது. எல்லாம் நாடகம் என்ற பேச்சும் கூடவே பரவியது. முகபாவத்தை மாற்றிய படம் அது என்று, உண்மை சரிபார்ப்பவர்கள் மூலப் படத்தை வைத்துக் காட்டினார்கள். ஆனால் சிரித்த படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த விளக்கத்தையும் பார்த்திருப்பார்களா?

வண்டி உண்மை, ஆட்கள் உண்மை, நாள் உண்மை. மாறியது உதட்டு ஓரம் மட்டும்தான். அதிலேயே சேதி தலைகீழாகிவிட்டது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், இதே வேலையைத்தான் ஸ்டுடியோவில் நாங்களும் செய்கிறோம். கல்யாண குரூப் போட்டோவில் தாத்தா கண்ணை மூடியிருப்பார், அடுத்த ஃபிரேமில் திறந்திருப்பார். அந்த முகத்தை எடுத்து இதில் வைப்போம். சித்தப்பா முறைத்துக்கொண்டு நின்றால் அவர் சிரிக்கிற ஃபிரேமைத் தேடுவோம். மேடையில் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று நாங்கள் கேட்பதே அதற்காகத்தான். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆல்பத்தைப் புரட்டப்போகிறவர்கள் அந்த மேடையில் நின்றவர்கள்தான். தாத்தா வந்திருந்தார், ஒரு நொடி முன்னே பின்னே கண்ணைத் திறந்துதான் இருந்தார். அதை வைத்து யாரும் எதையும் தப்பாக முடிவு செய்யப்போவதில்லை.

ஜாதகத்தோடு போகிற படம் அப்படியில்லை. "அண்ணே, பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி, நீங்கதான் தூக்கிக் குடுக்கணும்" என்று அம்மா சொல்வார், பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அந்த முகம் வாடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். நான் செய்வது இவ்வளவுதான்: லைட்டைச் சரியாக வைத்து மறுபடி எடுப்பேன். டியூப்லைட்டின் பச்சைச் சாயலில் மாநிறம் மங்கித் தெரியும். வெளிச்சத்தின் சாயலை ஈடுகட்டும் கேமரா அமைப்பான வொயிட் பேலன்ஸைச் சரிசெய்தால் அவளுடைய சொந்த நிறம் வந்துவிடும், அதுவே அழகாக இருக்கும். நேற்று வந்த பரு போகலாம். பிறந்ததிலிருந்து இருக்கிற மச்சம் போகக்கூடாது. தாடையைச் செதுக்குவது, நிறத்தை ஏற்றுவது இதெல்லாம் கிடையாது. "நேர்ல பார்க்க வர்றவங்க படத்தையும் பொண்ணையும் மாத்தி மாத்திப் பார்ப்பாங்கம்மா. அப்ப கூனிக்குறுகி நிக்கிறது உங்க பொண்ணுதான்" என்று சொல்வேன். சிலர் ஒப்புக்கொள்வார்கள். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த ஸ்டுடியோவுக்குப் போவார்கள். போகட்டும்.

எடிட் செய்தாயா இல்லையா என்பதை வைத்து மட்டும் ஒரு படத்தை எடைபோட முடியாது. இதை யார் பார்க்கப்போகிறார்கள், இதை நம்பி என்ன முடிவெடுக்கப்போகிறார்கள்? நான் வேலையை ஆரம்பிக்கும் முன் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

செய்திப் படத்தில் இந்தக் கேள்விக்குத் தளர்வே கிடையாது. 2003இல் ஈராக் போரின்போது லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸின் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி, பாஸ்ரா பக்கம் அடுத்தடுத்து சில படங்கள் எடுத்தார். ஒரு ஃபிரேமில் பிரிட்டிஷ் சிப்பாய் கையை நீட்டி மக்களை உட்காரச் சொல்லும் நிலை நன்றாக அமைந்திருந்தது. இன்னொன்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மனிதர் நன்றாக விழுந்திருந்தார். இரண்டையும் ஒன்றாக்கி அனுப்பிவிட்டார். அச்சான பிறகு பார்த்தால், பின்னணியில் உட்கார்ந்திருந்த சிலர் அதே படத்தில் இரண்டு தடவை இருக்கிறார்கள். இன்னொரு பத்திரிகையில் வேலை பார்த்தவர் அதைக் கவனித்துச் சொல்ல, வால்ஸ்கியின் வேலை போனது.

"ரெண்டும் நடந்ததுதானே சார், இதுல என்ன பொய்?" என்று இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒட்டிய படத்தைப் பார்த்தால், சிப்பாய் குழந்தையோடு நிற்கும் அந்த மனிதரை நேருக்கு நேர் மிரட்டுவது போல இருக்கும். அந்த நொடியில் அந்த இருவருக்கும் இடையே அப்படி ஒன்று நடக்கவில்லை. செய்திப் படத்தில் சேதியே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

2006இல் லெபனானின் பெய்ரூட் நகரில் குண்டுவீச்சால் எழுந்த புகையை ஒரு செய்திப் புகைப்படக்காரர் கணினியில் இன்னும் அடர்த்தியாக்கினார். அவருடைய படங்களில் இரண்டில் கைவைத்தது தெரிந்ததும், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் சேமிப்பிலிருந்த அவருடைய 920 படங்களையும் எடுத்துவிட்டது. நம்மூர்க்காரர்களுக்கு 2015 டிசம்பர் நினைவிருக்கும். சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிட்ட படத்தில், ஜன்னலுக்குள் வேறொரு காட்சியை ஒட்டி, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே வெளியிட்டது. கண்டனம் எழுந்ததும் நீக்கிவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். ஊரே தண்ணீரில் நின்ற நேரம் அது. அந்தத் துயரத்தைக் காட்ட ஒட்டுவேலை எதற்கு?

போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போது கடைசிச் சுற்றுப் படங்களுக்கு ரா ஃபைல், அதாவது கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பைக் கேட்போம். 2015இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படங்கள் இந்தச் சோதனையில்தான் விழுந்தன. வெளிச்சத்தை ஏற்றி இறக்குவது, ஓரத்தை வெட்டுவது இவற்றை ஒப்புக்கொள்கிறோம். பறவைக்குப் பின்னால் இருந்த கிளையை அழித்திருந்தால் படம் வெளியே. அழித்த இடம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், சுற்றிலும் நாய்ஸ் எனப்படும் பொடிப்புள்ளிகள் இருக்க அந்த இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். சில சமயம் ஒரே இலை இரண்டு இடத்தில் அப்படியே இருக்கும்.

ரா ஃபைல் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மீன்கொத்தி பாயும் இடத்தில் மீன் தொட்டியை வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைத்து இலைமேல் உட்கார்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். பிக்ஸலில் ஒரு மாற்றமும் இருக்காது. வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்கு 2009இல் உலகின் பெரிய காட்டுயிர்ப் புகைப்பட விருது கிடைத்தது. அது பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் பிறகு முடிவுக்கு வந்து, 2010 ஜனவரியில் விருதைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். அதனால் நாங்கள் முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களையும் கேட்கிறோம். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தீர்கள் என்று உட்கார வைத்துக் கேட்கிறோம். நிஜமாகக் காத்திருந்து எடுத்தவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

அப்புறம் போன் கேமரா. நிலாவைப் படம் எடுத்தால் சாம்சங் போன் தானாகவே விவரங்களைக் கூட்டுகிறது என்பதை 2023இல் ஒருவர் மங்கலாக்கிய நிலாப் படத்தை மானிட்டரில் வைத்து எடுத்துக் காட்டினார். ஏஐ உதவியோடு நிலாவை மேம்படுத்துகிறோம் என்று நிறுவனமும் விளக்கியது. நிலாவோடு நின்றால் பரவாயில்லை. விபத்தில் சிதைந்த நம்பர் பிளேட்டைப் போன் தானே திருத்திக்கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏஐ படம் என்றால் விரலை எண்ணிப் பாருங்கள் என்று சொன்ன காலம் போய்விட்டது. 2023இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞரின் ஏஐ படம் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்றது. அவரே இது புகைப்படம் அல்ல என்று சொல்லி விருதை மறுத்தார். படத்துக்குள் தடயம் தேடுவதைவிட, அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதே பலன் தரும். எடுத்த கணத்திலேயே படத்தில் டிஜிட்டல் கையொப்பம் பதிக்கும் கேமராக்கள் 2023இல் லைகா எம்11-பி-யிலிருந்து வர ஆரம்பித்தன. அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2025இல் நிக்கான் தன் ஒரு கேமராவில் ஓட்டை இருப்பது தெரிந்து, அந்தக் கையொப்பத்துக்காகக் கொடுத்த சான்றிதழ்களையே ரத்து செய்தது.

இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கிற பலமான ஆதாரம் மூலக் கோப்புதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த தேதி, கேமரா விவரங்களும் போய்விடும். விபத்து, நிலத் தகராறு, இன்சூரன்ஸ் என்று எதற்குப் படம் எடுத்தாலும் போனிலிருந்து அழிக்காதீர்கள். அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், ஃபில்டர் போடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் ஒரு தனி எண்ணையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

கடைசியாக, மார்ஃபிங். தன் முகத்தை வேறு உடலில் ஒட்டிவிட்டார்கள் என்று ஸ்டுடியோவுக்கு வந்து மெதுவான குரலில் சொல்லும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான்: நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அவர்கள் நிறுத்தமாட்டார்கள். பயத்தில் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். கணக்கின் பெயர், லிங்க், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எந்தப் படத்திலிருந்து முகத்தை எடுத்தார்கள் என்று தெரிந்தால் அந்த மூலப் படத்தைத் தனியாக வையுங்கள், ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுப்பது அதுதான். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். சைபர் குற்ற உதவி எண் 1930, பெண்களுக்கான உதவி எண் 181. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் இன்றைக்கே போங்கள்.