18 வயசுக்கு அப்புறம்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் மையத்துக்கு வரும் ஒரு அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அரவிந்த் கண் மருத்துவமனை முகாம் அவர்கள் ஊர்ப் பக்கமே வந்தது. வண்டியில் மதுரைக்கு அழைத்து வந்து, இலவசமாக ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அப்படியும் அவர் இரண்டு வருஷமாகப் போகவில்லை. கேட்டதற்கு, "நான் போய்ப் படுத்துட்டா இவென யாரு டீச்சர் பாத்துக்குவா?" என்றார். 'இவென்' அவருடைய மகன். வயது 27.

நான் சிறப்பாசிரியர். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்காக மதுரையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் நடத்தும் பகல்நேர மையத்தில் வேலை பார்க்கிறேன். அறிவுசார் குறைபாடு என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் முதலில் அது என்ன இல்லை என்பதைத்தான் சொல்வேன். இது மனநோய் இல்லை. மாத்திரை போட்டுக் குணமாகாது. குணமாகிவிடும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் போய், கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டு வரும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. படிப்பதிலும் எழுதுவதிலும் மட்டும் சிக்கல் இருக்கும் கற்றல் குறைபாடும் இல்லை. யோசிப்பது, புரிந்துகொள்வது, அன்றாட வேலையைத் தானே செய்துகொள்வது என எல்லாமே சின்ன வயதிலிருந்து மெதுவாக வரும். வராது என்பதில்லை, மெதுவாக வரும்.

27 வயதுக்காரரைக் 'குழந்தை' என்று சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். அசந்தால் என் வாயிலேயே அது வந்துவிடுகிறது, அது வேறு விஷயம்.

அந்த அம்மாவின் மகன் எங்களிடம் வந்தபோது அவருக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. விரலில் குறை எதுவும் இல்லை. காலையில் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அம்மாவே போட்டுவிட்டுப் பழகிவிட்டார், அவ்வளவுதான். நாங்கள் கடைசியிலிருந்து ஆரம்பித்தோம். மற்ற பொத்தான்களையெல்லாம் நாங்களே போட்டுவிட்டு, அடிப் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்து வைப்போம். அதை இழுத்துவிடுவது மட்டும் அவர் வேலை. அது கைவந்த பிறகு அடிப் பொத்தான் முழுக்க அவருடையது. பிறகு கடைசி இரண்டு. இப்படி ஒவ்வொன்றாக மேலே ஏறினோம். இதில் வேலையை முடித்து வைப்பது எப்போதும் அவர்தான், சூட்சுமமே அதுதான். மேலிருந்து தொடங்கினால் முதல் பொத்தானிலேயே தோற்றுப்போய் எரிச்சலாகி, சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார். நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒரு வாரம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார்கள். அங்கே அத்தைமார் பாசத்தில் பொத்தான் போட்டுவிட, நாங்கள் மறுபடியும் அடிப் பொத்தானுக்கு இறங்க வேண்டியதாயிற்று.

அப்புறம் கவர். எங்கள் மையத்தில் மருந்துக் கடைகளுக்குக் காகிதக் கவர் ஒட்டித் தருகிறோம். அட்டையை வைத்து மடிப்பதும் ஓரத்தில் பசை தடவுவதும் அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டன. எண்ணுவது வரவில்லை. அதற்காக ஒரு அட்டையில் பத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தோம். கட்டத்துக்கு ஒரு கவர். எல்லாக் கட்டமும் நிறைந்தால் சேர்த்தெடுத்து ரப்பர் பேண்ட் போட வேண்டியதுதான். இன்றுவரை அவருக்குப் பத்து என்று சொல்லத் தெரியாது. ஆனால் அவர் கட்டிய கட்டுகளில் ஒரு கவர் கூடியதில்லை, குறைந்ததில்லை.

பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு போட நிறையப் பேர் வருகிறார்கள். நன்றி. போட்டோவுக்கு எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லாமல் சாப்பாடு போட்டால் இன்னும் நன்றி. எனக்கு அதைவிடப் பெரிய உதவி, ஒரு மருந்துக் கடைக்காரர் மாதாமாதம் தரும் கவர் ஆர்டர்.

சரி, காகித வேலைக்கு வருகிறேன். பெற்றோர் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிள்ளைக்கு 18 முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர் மேஜர். அம்மா அப்பா தாமாகவே பாதுகாவலராக நீடிப்பதில்லை. இந்த அம்மாவுக்கு இது ஒரு வங்கிக் கவுண்டரில்தான் தெரிந்தது. மகன் கணக்கில் அவர் கையெழுத்துச் செல்லாது என்றார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நடை நடந்தார்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதைச் செய்யும். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். பாதுகாவலர் என்பதால் சொத்து அவருடையதாகிவிடாது. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு வருஷா வருஷம் கணக்கும் கொடுக்க வேண்டும். "அண்ணன் பாத்துக்குவான்" என்று வாய்ச்சொல்லோடு விட்டுவிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த அண்ணனிடமும் அண்ணியிடமும் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பது என் அடுத்த கேள்வி. பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயானது. மேலே சொன்ன சட்டத்தால் உருவான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். இரண்டுக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருத்துவச் சான்றும் வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது.

பணத்தைவிட அம்மாக்கள் ஏங்குவது ஓய்வுக்கு. வீட்டில் விட்டுப் போக ஆளில்லாமல், பிள்ளையைச் சேலையால் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கொடுமைக்காரிகள் இல்லை. திரும்பி வந்து கட்டை அவிழ்க்கும்போது அழுகிறவர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று என்று சொல்லும் அம்மாக்கள் மதுரைக்குள்ளேயே இருக்கிறார்கள். கூட்டத்தில் பிள்ளை கையை உதறிவிட்டு ஓடினால் என்ன செய்வது என்ற பயம். அதனால்தான் எங்கள் மையத்தில் இரண்டு கட்டில் போட்டு, ஓரிரு ராத்திரி தங்க வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கினோம். ஆரம்பத்தில் ஒருவரும் விடவில்லை. 'பிள்ளையைக் கொண்டுபோய் ஹோமில் தள்ளிவிட்டாள்' என்று ஊர் பேசுமே.

கண் ஆபரேஷனுக்காக அந்த அம்மா ஒருவழியாக மகனை எங்களிடம் விட்டுப் போனார். இரண்டு ராத்திரி. முதல் ராத்திரி மகன் பத்து மணிவரை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொசுக்கடி தாங்காமல் அவராகவே உள்ளே வந்துவிட்டார். இரண்டாம் ராத்திரி சாப்பிட்டதும் தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு அம்மா வந்து வாசலில் நின்றார். மகன் நிமிர்ந்து பார்த்தார், கையை ஆட்டினார், திரும்பக் குனிந்துகொண்டார். கட்டத்தில் இன்னும் மூன்று கவர் பாக்கி இருந்தது.

"என்னையத் தேடவே இல்லையா டீச்சர்?"

"மொத நாள் ராத்திரி தேடுனாருங்க" என்றேன்.