மரவேலை தொடங்கும் முன்: நாளைக்கும் ஒத்துப்போகிற வீடு

ஃபிளாட் சாவி கைக்கு வந்ததும் பலர் இன்டீரியர் வேலை செய்கிற என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், எங்கெங்கே கப்போர்டு போடலாம்?" என்பதுதான். கடன் இருபது வருடம் ஓடப்போகிறது. அதற்குள் குழந்தை பிறக்கும், பத்தாவது பரீட்சை வரும், ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்குவார்கள், யாராவது ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டியிருக்கும். மரவேலையை மட்டும் இன்றைய குடும்பத்துக்கென்று அளந்து சுவரோடு சேர்த்து அறைந்துவிடுகிறோம்.

சென்னையில் ஒரு இரண்டு பெட்ரூம் வீடு. மகள் சின்னவளாக இருந்தபோது கட்டில், படிக்கிற மேசை, அலமாரி எல்லாவற்றையும் ஒரே உருப்படியாக, ரோஸ் நிறத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை செய்திருந்தார்கள். பாட்டிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி அந்த அறையை அவருக்கு ஒதுக்கவேண்டி வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். கட்டிலைக் கழற்ற முடியவில்லை. ஆணியும் பசையும் சேர்ந்து பிடித்திருந்ததால் பிளைவுட் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அடியில் டைல்ஸே இல்லை, வெறும் சிமென்ட் தரை. மறையத்தானே போகிறது என்று மிச்சம் பிடித்திருக்கிறார்கள். தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச் போர்டு புதைந்து கிடந்தது. கட்டிலைத் திருப்பிப் போடலாம் என்றால் எதிர்ச் சுவரில் ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது. ஒரு கட்டிலை எடுக்கப் போய், தரை, வயரிங், பெயின்ட் என்று மூன்று வேலை கிளம்பியது.

அதனால் என் வழக்கம் இது: தரை, வயரிங், குழாய் எல்லாம் மரம் வருவதற்கு முன்பே முழுதாக முடிந்திருக்க வேண்டும். டைல்ஸ் சுவர் வரை போகட்டும். ஃபால்ஸ் சீலிங்கை அலமாரியைச் சுற்றி வெட்டாமல் முழு அறைக்கும் போடுங்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும் குறைந்தது இரண்டு சுவரில் பிளக் பாயிண்ட் வையுங்கள். சுவர் திறந்திருக்கும்போது வயர் போக ஒரு பைப் கூடுதலாகப் போடுவது பெரிய செலவில்லை. பிறகு வெட்டிப் பூசுவதுதான் செலவு.

அப்புறம் மரம். ஒன்பது அடி அலமாரி வேண்டுமா? மூன்றடிப் பெட்டிகளாக மூன்று செய்யச் சொல்லுங்கள், மேலே லாஃப்ட் தனிப் பெட்டி. பக்கப் பலகைகளின் வெளிப்புறத்திலும் லேமினேட் ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிரித்து வைத்த அன்றே வெறும் பிளைவுட் பல்லைக் காட்டும். ஆணிக்குப் பதில் மினிஃபிக்ஸ் திருகு போட்டால் கழற்றி மறுபடி மாட்டலாம். ஃபேக்டரியில் செய்யும் பெட்டிகளில் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளை இருக்கும். தட்டை ஏற்றி இறக்கலாம். இன்று ஐந்து தட்டில் குழந்தையின் துணி, நாளை இரண்டு தட்டை எடுத்துவிட்டுப் புடவை தொங்கவிடக் கம்பி. பார்ட்டிகிள் போர்டில் திருகைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் பிடி தளர்ந்துவிடும். மாற்றி வைக்கப்போகிற பொருளுக்கு நான் பிளைவுட்தான் சொல்வேன். தனியாக நிற்கிற அலமாரியை மேல்பக்கம் எல் கிளாம்ப் வைத்துச் சுவரில் பிடித்தே ஆகவேண்டும். டிராயரைப் படியாக்கி ஏறாத குழந்தை உண்டா!

அறையையே பிரிக்க, சேர்க்க விரும்புகிறவர்களும் வருகிறார்கள். புதிய யோசனை ஒன்றுமில்லை: நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924இல் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் கட்டிய ஷ்ரோடர் இல்லத்தின் மாடியில், தள்ளுகிற தடுப்புகளை விலக்கினால் ஒரே கூடம், இழுத்தால் தனித்தனி அறை. நம் வீட்டில் அதைச் செய்யுமுன் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள். தூண், பீம் வைத்துக் கட்டிய பழைய ஃபிளாட்டில் நாலரை இஞ்ச் செங்கல் சுவர் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகு எடுக்க வாய்ப்புண்டு. மிவான் முறையில், அதாவது அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் கூரையையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்த்துக் கட்டிய டவர்களில் உள்சுவரும் கான்கிரீட். கட்டடத்தின் எடையைத் தாங்குவதே அதுதான். அங்கே கைவைக்கக் கூடாது.

தள்ளு கதவை மேலிருந்து தொங்கவிடுங்கள். தரையில் ரெயில் இருந்தால் தூசி அடையும், பெரியவர்கள் பிடித்து நடக்கிற வாக்கர் தடுக்கும். அந்த எடையைத் தாங்கவேண்டியது பீம், ஜிப்சம் சீலிங் அல்ல. இன்னொன்று, இந்தத் தடுப்பு பார்வையைத்தான் மறைக்கும், சத்தத்தை அல்ல. ஹாலில் சீரியல் ஓடினால் உள்ளே படிக்கிற பிள்ளைக்கு வசனம் முழுக்கக் கேட்கும்.

கொட்டேஷனில் ஒரு விஷயம். எங்கள் தொழிலில் பலரும் சதுர அடிக்கு இவ்வளவு என்றே விலை போடுகிறோம், மரம் கூடக் கூட பில் கூடும். காலியாக ஒரு சுவரை விடுங்கள் என்று உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்களே சொல்லுங்கள். கூடவே, எந்தெந்தப் பெட்டி கழற்றக்கூடியது, கழற்றி மாட்டக் கூலி என்ன என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.